முதல் க்ரூஸர்: மூன்று பழைய பைக்குகளில் எதை எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 158 செ.மீ. 125 சி.சி. பைக்கில் பயிற்சி பெற்று அண்மையில்தான் ஓட்டுநர் உரிமம் வாங்கினேன். தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட க்ரூஸர் பைக் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. புதிதாக வாங்க வசதியில்லை. மூன்று பழைய பைக்குகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. முதலாவது, 2008-ஆம் ஆண்டின் ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர் 883 கஸ்டம். 9,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது, சைலன்சர் மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவது, 2006-இன் யமஹா வி ஸ்டார் 650. 58,000 கி.மீ. ஓடியது, சர்வீஸ் பில்கள் எல்லாம் இருக்கின்றன. மூன்றாவது, 2019-இன் ஹோண்டா ரெபெல் 500. ஏ.பி.எஸ். உள்ளது, 21,000 கி.மீ. ஓடியது, ஒருமுறை கீழே விழுந்ததாக உரிமையாளரே சொல்கிறார். பல ஆண்டுகளாகப் பைக் ஓட்டும் என் அண்ணன், "சின்ன எஞ்சின் ஆறு மாதத்தில் சலித்துவிடும், ஒரேயடியாக ஹார்லியை எடுத்துவிடு" என்கிறார். என் மனமும் அதில்தான் நிற்கிறது. எதை எடுக்கலாம்? வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? என் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகவும் ஆசை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெபெல் 500-ஐ முதலில் போய்ப் பாருங்கள். விழுந்ததில் ஃபோர்க்குக்கோ (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) சட்டகத்துக்கோ கேடு வரவில்லை என்று உறுதியானால் அதையே எடுங்கள். குறை தெரிந்தால் வி ஸ்டார் பக்கம் திரும்புங்கள். ஹார்லியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் மனம் எதில் நிற்கிறது என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். பழைய பைக்குகளைப் பழுது பார்ப்பதும் புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். இந்த இரண்டு வேலைகளும் எனக்குக் காட்டியது ஒன்றே: முதல் பைக்கைப் பற்றிய முடிவில் எஞ்சினின் அளவைவிட எடைக்கும், எடையைவிட வண்டியின் இன்றைய நிலைக்கும் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பயிற்சி எடுத்த 125 சி.சி. பைக் பெரும்பாலும் 120 கிலோவை ஒட்டி இருந்திருக்கும். ரெபெல் 500 சுமார் 190 கிலோ. வி ஸ்டார் 650 சுமார் 230 கிலோ. 883 கஸ்டம் 250 கிலோவைத் தாண்டும். நல்ல சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது; கனமான பைக்தான் அங்கே அசையாமல் நிற்கும். வாகன நிறுத்தத்தில் பின்னோக்கித் தள்ளும்போதும், சரிவில் நின்று கிளம்பும்போதும், குறுகிய இடத்தில் யூ டர்ன் எடுக்கும்போதும்தான் எடை தன்னைக் காட்டும். புதியவர்களின் பைக் கீழே விழுவது பெரும்பாலும் இந்த நடை வேகத்தில்தான். க்ரூஸரின் இருக்கை தாழ்வாக இருப்பதால் கால் முழுமையாகத் தரையில் படும், அது பெரிய துணை. மூன்றிலுமே உங்கள் உயரத்துக்குக் கால் எட்டும். ரெபெலின் இருக்கை உயரம் 690 மி.மீ. மட்டுமே. ஆனால் கால் எட்டுவது வேறு, சாயத் தொடங்கிய பைக்கைத் தடுத்து நிறுத்துவது வேறு. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்ட 250 கிலோவை யாராலும் காலை ஊன்றித் தாங்க முடியாது. தாங்க முயன்றால் முழங்காலும் கணுக்காலும்தான் போகும்.

இதை என் வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டியதில்லை. மூன்று பைக்குகளையும் பார்க்கப் போகும்போது எஞ்சினை அணைத்த நிலையில், நியூட்ரலில் வைத்து, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். பத்தடி முன்னே தள்ளுங்கள், பத்தடி பின்னே இழுங்கள். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்து மறுபடியும் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். மூச்சு வாங்காமல், பயப்படாமல் இதைச் செய்ய முடிகிற பைக்தான் உங்கள் அளவுக்கானது.

883 கஸ்டமில் எடையோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதன் ஃபுட்ரெஸ்ட்டுகள் முன்னால் தள்ளி வைக்கப்பட்டவை. காலை நீட்டி உட்காரும் அந்தத் தோற்றம் அழகுதான். ஆனால் பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் எழும்பி உடலின் பாரத்தை இருக்கையிலிருந்து எடுக்க முடியாது. அதிர்ச்சி முழுவதும் முதுகுத்தண்டில் இறங்கும். மெதுவாகத் திரும்பும்போதும் சமநிலையைக் கால்களால் சரிசெய்யும் வாய்ப்புக் குறைவு. உங்கள் உயரத்துக்குக் காலை முழுவதும் நீட்டினால்தான் பிரேக் பெடல் எட்டும் என்ற நிலையும் வரலாம். ரெபெலில் ஃபுட்ரெஸ்ட்டுகள் கிட்டத்தட்ட உடலுக்குக் கீழே இருக்கின்றன. கற்றுக்கொள்ளும் காலத்தில் இது எவ்வளவு உதவும் என்பது ஓட்டிப் பார்த்தவுடன் புரியும்.

அண்ணன் சொன்னதை ஒதுக்கிவிடவில்லை. உண்மையான அனுபவத்திலிருந்துதான் அவர் பேசுகிறார். 125 சி.சி.யை வாங்கிவிட்டு நெடுஞ்சாலையில் திணறியவர்கள் பலர் உண்டு. ஆனால் இங்கே அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. ரெபெலின் 471 சி.சி. எஞ்சின் சுமார் 45 குதிரைத்திறன் தருகிறது. அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கான 883-இன் எஞ்சின் தருவது 50-ஐ ஒட்டித்தான். ஹார்லி அறுபது கிலோவுக்கு மேல் கூடுதல் எடையையும் சுமக்கிறது. எனவே ஓட்டத்தில் ரெபெல் பின்தங்காது. சாலைக்கு வேண்டிய வேகம் அதில் தாராளமாக இருக்கிறது. ஹார்லியில் கூடுதலாகக் கிடைப்பது குறைந்த சுழற்சியிலேயே வரும் இழுவிசையும், இரண்டு சிலிண்டர்கள் 45 பாகையில் வி வடிவில் நிற்கும் வி ட்வின் எஞ்சினுக்கே உரிய துடிப்பும். அந்தத் துடிப்புக்காக ஆசைப்படுவதில் தவறே இல்லை. 883 நல்ல வண்டி: வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை இல்லை, பெல்ட் டிரைவ் என்பதால் செயினுக்கு எண்ணெய் போடும் தொல்லையும் இல்லை. ஓரிரு ஆண்டுகள் ஓட்டிக் கை பழகிய பிறகு அதே ஸ்போர்ட்ஸ்டரை, ஃபுட்ரெஸ்ட் நடுவில் உள்ள வகையாகப் பார்த்து எடுங்கள். அப்போது அதை முழுமையாக அனுபவிப்பீர்கள். பழைய ரெபெலை விற்பதும் எளிது. புதிதாக ஓட்ட வருகிறவர்கள் எப்போதும் தேடும் பைக் அது.

பிரேக் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்றில் ரெபெலுக்கு மட்டும்தான் ஏ.பி.எஸ். இருக்கிறது. திடீரென்று குறுக்கே ஏதாவது வரும்போது புதியவர்களின் கை முன் பிரேக்கை இறுகப் பிடித்துவிடும், கால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டால், அதுவும் ஈரச் சாலையில், அடுத்த நொடியே வண்டி கையை விட்டுப் போகும். ஏ.பி.எஸ். அந்த நொடியில் சக்கரத்தைச் சுழல விடுகிறது. வி ஸ்டாரில் முன்னால் ஒரே டிஸ்க், பின்னால் டிரம். நன்றாகப் பராமரித்தால் போதுமான பிரேக்தான், ஆனால் பிழைக்கு இடம் தராது. க்ரூஸர்களில் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் அதிகம், எடை பின்னால் தாழ்வாக இருக்கும். அதனால் மற்ற பைக்குகளைவிடப் பின் பிரேக்குக்கு இங்கே கூடுதல் பங்கு உண்டு. அதற்காக முன் பிரேக்கைத் தொடத் தயங்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி எப்போதும் முன்னால்தான் நடக்கிறது.

இனி வண்டிகளின் நிலைக்கு வருகிறேன். மூன்றில் 9,000 கி.மீ. ஓடியதுதான் உங்களுக்கு மிக நல்லதாகத் தோன்றியிருக்கும். எனக்கு அதுதான் அதிகம் கேள்வி எழுப்புகிறது. இத்தனை ஆண்டுகளில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால் பெரும்பகுதிக் காலம் அது நின்றுகொண்டே இருந்திருக்கிறது. நிற்கும் பைக்கில் டயர் இறுகும், ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும், பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், டேங்கில் பெட்ரோல் கெட்டு உட்புறம் துருவேறும். மாற்றப்பட்ட சைலன்சரைப் பற்றியும் கேளுங்கள். காற்று வெளியேறும் வழி மாறினால் எரிபொருள் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், ஆக்சிலரேட்டரை மூடும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் வரும். பழைய சைலன்சரை விற்பவர் வைத்திருக்கிறாரா என்பதும் முக்கியம். ஒலிக் கட்டுப்பாட்டுச் சோதனையில் அது இல்லாமல் வண்டி தேறாமல் போகலாம்.

வி ஸ்டாரின் 58,000 கி.மீ. என்னைக் கலங்க வைக்கவில்லை. காற்றால் குளிரும் எளிமையான எஞ்சின், செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின் சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ், கையில் பில்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டிய பைக் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். பில்களில் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறிக்கொண்டே போகின்றனவா என்று பாருங்கள். நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். அது கார்புரேட்டர் வண்டி. சில மாதங்கள் ஓட்டாமல் விட்டால் உள்ளே இருக்கும் சிறு துளைகள் அடைபடும். சோக் போட்டுக் கிளப்பியபின் ஓரிரு நிமிடங்களில் ஐட்லிங் சீராக நிற்க வேண்டும். பின் சக்கரத்தின் ஷாஃப்ட் பெட்டியைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரெபெல் விழுந்திருக்கிறது என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள். உரிமையாளர் தாமாகவே சொன்னது நல்ல அறிகுறி. நின்ற இடத்தில் விழுந்ததா, ஓடும்போது விழுந்ததா என்பதே கேள்வி. நின்றபடி விழுந்திருந்தால் ஹேண்டில்பார் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, சைலன்சரின் ஓரம் ஆகியவற்றில் ஒரே பக்கத்தில் சிராய்ப்பு இருக்கும், அவ்வளவுதான். ஓடும்போது விழுந்திருந்தால் சிராய்ப்பு நீளக் கோடுகளாக இழுபட்டிருக்கும். டேங்கின் முன்பகுதியில் ஹேண்டில்பார் இடித்த நெளிவு இருக்கிறதா? ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது வந்து முட்டுகிற சிறு தடுப்பு வளைந்தோ உடைந்தோ இருக்கிறதா? அது சிதைந்திருந்தால் முன்பகுதி பலமாக அடி வாங்கியிருக்கிறது என்று பொருள், பைக்கை விட்டு விலகுங்கள். முன்னால் சில அடி தள்ளிக் குனிந்து நின்று பாருங்கள்: ஃபோர்க்கின் இரு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும்.

எந்தப் பைக்கைப் பார்க்கப் போனாலும் எஞ்சினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சின் பக்கம் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்பும் என்பதை மறைக்க நினைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். கிளம்பும்போது புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வரும் வெண்புகை ரெபெல் போன்ற நீரால் குளிரும் எஞ்சினில் கூலன்ட் உள்ளே கசிவதைக் காட்டும். காலைக் குளிரில் முதலில் தெரியும் மெல்லிய ஆவி இயல்பானது, ஓரிரு நிமிடங்களில் மறைந்துவிடும். பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். அணைத்த நிலையில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜ் செய்யும் அமைப்பில் பழுது, புது பேட்டரி போட்டும் பயனில்லை.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் தனியாக ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2219 என்றால் 2019-இன் 22-ஆம் வாரத்தில் செய்த டயர். ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரில் எவ்வளவு பள்ளம் மீதமிருந்தாலும் மாற்றிவிடுங்கள்; ரப்பர் இறுகிவிட்டால் ஈரத்தில் பிடிமானம் இருக்காது. அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். ரெபெலின் செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்பக்கத்தில் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி தெரியும் அளவுக்குச் செயின் விலகினால் தேய்ந்துவிட்டது. ஹார்லியின் பெல்ட்டில் பல் உதிர்ந்திருக்கிறதா, கல் குத்திய துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைச் சில முறை அழுத்தி விடுங்கள்; பளபளக்கும் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. இது சிறு செலவுதான், பேரம் பேச உதவும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் தட்டுப்பட்டு நின்றால் ஸ்டீயரிங் பேரிங்கும் தேய்ந்திருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும் வேலையை அண்ணனிடம் கொடுங்கள். அவர் கருத்தில் நான் மாறுபட்டாலும் அவருடைய கையும் காதும் உங்களுக்கு இங்கே தேவை. நேரான, ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்தில் பிடியைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? உயர் கியரில் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று திறந்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா? அப்படியானால் க்ளட்ச் வழுக்குகிறது. ஏதாவது கியர் தானாக நழுவி வெளியே வருகிறதா? அப்படி வந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும், அந்தப் பைக் வேண்டாம். ஓட்டித் திரும்பிய பிறகு எஞ்சினுக்குக் கீழே தரையில் புதுச் சொட்டு விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஆவணங்களைப் பணம் கொடுக்குமுன் சரிபாருங்கள். சட்டகத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவு ஆவணத்தில் உள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் அரம் தேய்த்த தடமோ புது வண்ணமோ இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். வண்டி மீது கடன் நிலுவை இருக்கிறதா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். விற்பவர் பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "நண்பருடைய பைக், நான் விற்றுத் தருகிறேன்" என்பவரிடம் வாங்க வேண்டாம்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் பைக்கிலேயே போட்டுவிடாதீர்கள். தலைக்கவசம், பாதுகாப்புப் பட்டை வைத்த மேற்சட்டை, கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றுக்கான தொகையை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதத்தை வைத்தே பைக்கின் விலையைப் பேசுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் திரவம் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பலருக்கு நினைவே இருப்பதில்லை. பழைய உரிமையாளர் மாற்றியதாகச் சொன்னாலும் நீங்கள் மாற்றுங்கள். அன்றிலிருந்து கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

தங்கையை ஏற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆசை புரிகிறது, ஆனால் உடனே வேண்டாம். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் எடை கூடுவதோடு, அது உயரத்தில் கூடுகிறது. நடை வேகத்தில் நீங்கள் பழகி வைத்த சமநிலை முழுவதும் மாறிவிடும், நிறுத்தத் தேவைப்படும் தூரமும் நீளும். உரிமம் வாங்கிய தொடக்கக் காலத்தில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்ற விதி சில நாடுகளில் உண்டு; உங்களுக்கு அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விதி இல்லாவிட்டாலும், தனியாக ஓட்டும்போது காலை ஊன்றாமல் இருபுறமும் யூ டர்ன் எடுக்க வரும் வரை பொறுங்கள். ரெபெலின் பின்னிருக்கை சிறியது, குறுகிய பயணத்துக்குத்தான் சரிவரும். அவரை ஏற்றுமுன் கையேட்டில் சொன்ன அளவுக்குப் பின் டயரின் காற்றைக் கூட்டி, பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கையும் இறுக்குங்கள். திருப்பத்தில் உங்கள் தோளை ஒட்டியே அவரும் சாய வேண்டும், எதிர்ப்பக்கம் நிமிரக் கூடாது. சிக்னலில் நிற்கும்போதும் கால்களை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து எடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் அவர் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.